எங்கள் பூட்டனாரைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெரியவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

எங்கள் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) அப்பா, அதாவது எங்கள் பூட்டனார், யார் பெற்ற பிள்ளை, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது தெரிந்துவிட்டது. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பழைய ஏடுகளில் மற்றக் குடும்பங்களின் சங்கதிகளும் இருப்பதால் பங்கின் (அந்தச் சர்ச் வட்டாரத்தின்) பெயரும் வேண்டாம் என்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் வாங்கிய உதவிக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பூட்டனாரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பேச்சுத்தான். தாது வருசப் பஞ்சத்தில் (1876–78) சின்னப் பையனாகக் கோயமுத்தூர் வந்து சேர்ந்தவர், நாதியில்லாத பிள்ளை. "நம்முளுது நாதியத்த வம்சம்" என்று அப்பாரு சொல்வார். அப்பாவும் அதையே சொல்லிவிட்டுப் போனார். கல்யாணம் காட்சி என்றால் அந்தச் சொல் எங்களை ரொம்பவே உறுத்தும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வழிகாட்டிய ஊழியருக்கு முதல் நன்றி. சென்சஸில் முன்னோர் பெயரைத் தேடி வருகிறவர்களிடம் சொல்வதை எனக்கும் பொறுமையாகச் சொன்னார். இங்கிலாந்தில் போல வீடுவாரியாக எழுதிய தாள்கள் நம்மிடம் இல்லை. எண்ணி முடித்ததும் அவற்றைக் கழித்துவிட்டார்கள், அச்சான அட்டவணைகள்தான் மிச்சம். பிற்காலத்துக் கணக்குகளில் தனி ஆள் விவரத்தைப் பார்க்க 1948-ம் வருடச் சட்டம் இடம் கொடுக்காது. இதோடு அவர் நிறுத்தவில்லை. 1871, 1881 கணக்குகளை அருகருகே வைத்துக் காட்டினார். கோயமுத்தூர் ஜில்லாவில் சுமார் 17.6 லட்சமாக இருந்த ஜனம் பத்து வருடம் கழித்து 16.6 லட்சம். சேலம் ஜில்லாவில் 19.7 லட்சம் 16 லட்சமாகிவிட்டது. கொங்கு நாட்டில் அந்த 1876–78 பஞ்சம் செய்த வேலை இது. பூட்டனார் பிழைத்துக் கிடந்ததே பெரிது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பெயர் வேண்டுமென்றால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எழுதிவைத்த கோயில் ஏட்டைத்தான் பார்க்க வேண்டும். கோயமுத்தூர் மிஷன் 1850-ல் தனி ஆயர் (பிஷப்) ஆட்சிப் பகுதியாகி, 1886-ல் மறைமாவட்டமானது. அப்போதெல்லாம் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பில் இருந்தார்கள், ஏடுகள் லத்தீனில். சின்னப்பன் அங்கே பவுலுஸ், ராயப்பன் பெத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ். பூட்டனார் பெயரிலும் அவர் தகப்பனார் பெயரிலும் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். மத்தியான நேரத்தில் அறையைத் திறந்துவிட்ட பங்குச் சாமியாருக்கும், ராமபாணப் பூச்சி அரித்த தாள்களை ஒன்றுகூடக் கிழியாமல் புரட்டிக் கொடுத்த உபதேசியாருக்கும் எப்படி நன்றி சொல்வேன்! கண் மங்கிய வயதிலும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து வரிவரியாக வாசித்த ஓய்வுபெற்ற சாமியாரை நான் தினமும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தது அவர் வாசித்த ஒரு வரிதான். பூட்டனாரின் கல்யாணப் பதிவில் மணப்பெண்ணின் தகப்பனார் பெயரும் ஊரும் இருந்தன. மாப்பிள்ளைக்குத் தகப்பன் பெயர் மட்டும்தான், அவரும் காலமானவர் என்ற குறிப்போடு. அதன் கீழே பொடி எழுத்தில், இரத்த உறவில் இரண்டாம் படித் தடைக்கு ஆயரிடம் விலக்கு வாங்கியதாக எழுதியிருந்தது. திருச்சபைக் கணக்கில் கூடப் பிறந்தவர்கள் முதல் படி, அவர்கள் பிள்ளைகள் இரண்டாம் படி. அப்படியானால் நாதியில்லாத பிள்ளை என்று நாங்கள் நினைத்திருந்தவர் கட்டியது சொந்தத்தில்!

எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று ஏட்டில் இல்லை. அதைச் சொன்னது எங்கள் அத்தை. பள்ளிக்கூடம் போகாதவர்.

"சித்தப்பன் மக்க, பெரியம்மா மக்க எல்லாம் அண்ணன் தங்கச்சி. கட்டிக்க முடியுமா கண்ணு? அத்தை மகன், மாமன் மகளாத்தான் இருக்கோணும். பொண்ணோட அப்பனுக்குக் கூடப்பொறந்தவ இருந்தாளான்னு மொதல்ல பாரு."

பெண்ணின் ஊர் அவினாசிச் சாலைக்கு வடக்கே இருந்த பழைய பங்கைச் சேர்ந்தது. அங்கே பார்த்தோம். பெண்ணின் தகப்பனாருக்கு ஒரு தங்கை இருந்தார். அவரைக் கட்டியவர் பெயர், கோயமுத்தூர் ஏட்டில் பூட்டனாரின் தகப்பனாராக எழுதியிருந்த அதே பெயர். சில பக்கம் தள்ளி அவர்கள் மகனின் ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? தாய்மாமன், பின்னால் பெண் கொடுத்த அதே மாமன்.

அடக்க ஏட்டில் 1877-ல் தகப்பன் பெயர், அடுத்த மாதமே தாய் பெயர். அந்த ஒரு வருடத்துப் பெயர்கள் மட்டும் பக்கம் பக்கமாகப் போகின்றன. சாமியார் சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிட்டார். மறு வருடம் கோயமுத்தூர் ஏட்டில் மாமனின் சொந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆக, மாமன் குடும்பம் ஊரைவிட்டு வந்தபோது தங்கச்சி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தன் பிள்ளைகளுக்கே கஞ்சி கிடைக்காத காலத்தில் ஒரு பிள்ளையைச் சேர்த்து வளர்த்து, மகளையும் கட்டிக் கொடுத்தார் அந்த மனிதர். பூட்டி சின்ன வயதிலேயே இறந்துபோனதால் அந்தப் பக்கத்துப் போக்குவரத்து அறுந்து, அந்த மாமன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இனிமேல் எங்கள் வீட்டில் யாரும் நாதியத்த வம்சம் என்று சொல்லக் கூடாது.

மாமன் வழியில் வந்தவர்கள் போத்தனூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஆள் கையில் நகலோடு போய் நின்றேன். வீட்டுப் பெரியவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்புறம் என்ன, உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார். அந்தக் குடும்பத்துக்கு நான் பட்டிருக்கும் கடன் எங்கள் பூட்டனார் காலத்திலிருந்தே வருவது.

வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, 1877-ல் போன அந்த இரண்டு பேருக்காகவும், பிள்ளையை வளர்த்த மாமனுக்காகவும் அவர்கள் பங்கிலேயே பூசை வைத்திருக்கிறோம். சாப்பாடும் அங்கேதான். உதவிய எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும். அத்தையைக் கூட்டி வரும் பொறுப்பு என்னுடையது.