அங்கோர் வாட்டைக் கட்டியவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அங்கோர் வாட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. எந்த மாதத்தில் போகலாம், எங்கே தங்கலாம் என்ற விவரங்களும் போகிறவர்களுக்குக் கண்டிப்பாக உதவும். ஆனால் அந்தக் கோயிலைக் கட்டியவர் ஒரு தமிழ் மன்னர் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதே, அதைத் திருத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் செய்தி அது. கைப்பேசியில் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடலாம், அச்சில் வந்துவிட்டால் அதை நம்பிக் கிளம்புகிறவர்கள் கம்போடியாவில் போய் அதையே சொல்கிறார்கள், அதுவும் அந்தக் கோயிலைக் கட்டியவர்களின் வழியில் வந்தவர்களிடமே சொல்கிறார்கள்.

முதலில் யார் கட்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கோர் வாட்டை எழுப்பியவர் 1113ல் ஆட்சிக்கு வந்த கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன். கெமர் என்பது கம்போடியாவின் பெரும்பான்மை மக்களின் பெயர், அவர்கள் மொழியின் பெயரும் அதுதான். பெயர் வர்மன் என்று முடிவதால் பல்லவர், பல்லவர் என்பதால் தமிழர் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். சம்பா, ஜாவா, போர்னியோ என்று தென்கிழக்கு ஆசியாவின் பல நாட்டு அரசர்கள் வைத்துக்கொண்ட சம்ஸ்கிருதப் பட்டம் அது, அதை வைத்து யாருடைய ஊரையும் முடிவு செய்ய முடியாது. இரண்டாம் ஜெயவர்மன் 802ல் குலேன் மலையில் முடிசூடியதைத்தான் கெமர் பேரரசின் தொடக்கமாகச் சொல்வார்கள், அங்கோர் வாட் வந்தது அதற்கு முந்நூறு வருடங்களுக்குப் பிறகு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் சம்ஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. கோயிலின் தெற்குப் பக்கச் சுற்றுச்சுவரில் சூரியவர்மன் தன் அதிகாரிகள் சூழ உட்கார்ந்திருப்பதைச் செதுக்கி, பக்கத்திலேயே கெமர் மொழியில் சிறு குறிப்புகளும் வெட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

சோழர்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு இருந்தது உண்மை. காம்போஜ அரசர், அதாவது கெமர் அரசர், முதலாம் ராஜேந்திரனின் நட்பை வேண்டித் தேர் ஒன்றை அனுப்பினார் என்று கரந்தைச் செப்பேடு சொல்கிறது. தனித்தனியாக வளர்ந்த இரண்டு பெரிய அரசுகள் கடல் கடந்து பரிசு அனுப்பிப் பழகியிருக்கின்றன என்பதே எவ்வளவு பெரிய விஷயம். அதை விட்டுவிட்டு எல்லாம் நாம் கட்டியது என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு என்ன பெருமை என்று எனக்கு விளங்கவே இல்லை.

அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்புக்கு நான் போனது ஒரு நண்பரின் வீட்டுக்கு. வேறொரு நாட்டில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழக்கமானவர், இப்போது சொந்த ஊருக்கே திரும்பி மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். அவருடைய அம்மாவின் வீடு தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கும் ஒரு கிராமத்தில். அங்கோர் பூங்கா என்பது ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர், உள்ளே கோயில்கள் மட்டும் இல்லை, காடு, வயல், குளம், ஊர்கள் எல்லாம் இருக்கின்றன, ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம் செய்து வாழ்கிறார்கள். பேருந்தில் கூட்டமாகப் போய் இறங்கி ஏறுகிறவர்களின் கண்ணில் இந்த ஊர்கள் படுவதே இல்லை.

நண்பரின் அம்மாவோடு ஒரு காலையில் அங்கோர் வாட் போனோம். மேற்கு நுழைவாயிலில் வலது பக்கமாகத் திரும்பினால் எட்டுக் கைகளோடு ஆளைவிட மிக உயரமான விஷ்ணு சிலை ஒன்று நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைத் தா ரீச் என்று கும்பிடுகிறார்கள், அவர்களுக்கு அது காவல் தெய்வம், அந்த இடத்தின் தாத்தா. பட்டுத் துணி சாத்துகிறார்கள், ஊதுவத்தி, தாமரை, பழம் வைக்கிறார்கள், கல்யாணமான புதுத் தம்பதிகள் முதலில் அங்கே வந்து வணங்குகிறார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது தமிழ் பேசும் ஒரு குழு வந்தது. அதில் ஒருவர் பக்கத்தில் நின்ற நண்பரிடம், இது எங்கள் தமிழ் ராஜா கட்டியது, உங்களுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார், நல்ல மனிதர்தான், சிரித்த முகமாகத்தான் கேட்டார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு என்ன கேட்டார்கள் என்று அம்மா விசாரித்தார். கோயில் அழகாக இருக்கிறதாம் என்று மட்டும் மகன் சொன்னார்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்போடியாவின் தேசியக் கொடியில் இருப்பது அங்கோர் வாட். ஆட்சிகள் மாறிக் கொடிகள் மாறியபோதும் கோபுரங்கள் போகவில்லை, கெமர் ரூஜ் ஆட்சியின் கொடியில்கூட அவை இருந்தன. கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம் 1975 முதல் 1979 வரை நடத்திய அந்தக் கொடுமையான ஆட்சியில், கோயில்களைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றிருந்த கெமர் ஊழியர்களில் பலர் உயிரோடு மிஞ்சவில்லை. 2003 ஜனவரியில், அங்கோர் வாட் தாய்லாந்துக்குத்தான் சொந்தம் என்று தாய்லாந்து நடிகை ஒருவர் சொன்னதாக ஒரு செய்தி பரவியது, அவர் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார், அதற்குள் தலைநகர் புனோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே எரித்துவிட்டார்கள். வன்முறையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் இது யாருடைய கோயில் என்ற கேள்வி அங்கே எவ்வளவு ஆழமான காயத்தைத் தொடுகிறது என்று அதிலிருந்து புரிகிறது. எவ்வளவோ இழந்துவிட்ட ஒரு ஜனம் இது எங்கள் தாத்தாக்கள் செய்தது என்று பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றை, விருந்தாளியாகப் போய் நாம் கேட்டு வாங்கக் கூடாது.

நமக்குப் பெருமைதான் வேண்டுமென்றால் உண்மையான பெருமையே இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அங்கே எட்டிப் பார்க்காத 1986ல் இந்தியத் தொல்லியல் துறையினர் போய் 1993 வரை அங்கோர் வாட்டில் பழுதுபார்க்கும் வேலை செய்தார்கள், அப்புறம் அதே பூங்காவில் இருக்கும் டா ப்ரோம் கோயிலிலும் வேலை செய்தார்கள். நண்பரின் மாமா ஒருவர் அதை நினைவு வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துப் பேசினார்.

சரி, நண்பரோடு பார்ப்பதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அதே பூங்காவில் இருக்கும் பேயோன் கோயிலைச் சொல்வேன். எல்லோரும் மேலே ஏறி அந்தப் பெரிய கல் முகங்களோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நண்பர் என்னை நேராக வெளிச்சுற்றுச் சுவருக்கு அழைத்துப் போனார், மேலே அப்புறம் போகலாம் என்றார். ஏழாம் ஜெயவர்மன் காலத்துச் சுவர் அது, சம்பா நாட்டுச் சாம் படைகளோடு நடந்த படகுப் போர் ஒரு பக்கம் இருக்கிறது, அதற்குக் கீழே சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கை. மீன் விற்கிறார்கள், தராசு பிடிக்கிறார்கள், சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார்கள், கொப்பரையில் சமைக்கிறார்கள், ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள், மாட்டு வண்டி போகிறது. அந்த வண்டியைக் காட்டி, எங்கள் தாத்தா வைத்திருந்த வண்டியும் இதே மாதிரிதான், இந்த வளைவு கூட அப்படியே என்று நண்பர் விரலை வைக்காமல் காற்றிலேயே வரைந்து காட்டினார். 1296ல் இங்கு வந்த சீனத் தூதர் சௌ தாகுவான், இந்த ஊரில் வியாபாரம் எல்லாம் பெண்கள் கையில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் நண்பரின் மனைவியோடு ஃப்சார் லூ சந்தைக்குப் போனபோது, சுவரில் பார்த்த பெண்கள் எழுந்து வந்து கடை போட்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தனியாகப் போயிருந்தால் காலையில் ஒரு சுவர், சாயங்காலம் ஒரு சந்தை, அவ்வளவுதான்.

ப்சும் பென் என்ற முன்னோர் வழிபாட்டு நாட்களில் போனது இன்னொரு கொடுப்பினை. புரட்டாசி அமாவாசையில் முடியும் பதினைந்து நாட்கள் அது, நம்முடைய மகாளய பட்சமேதான். விடிவதற்கு முன்னால் அம்மா ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனார், இருட்டில் விகாரையைச் சுற்றி வந்து உருண்டைகளை வீசுகிறார்கள், பசியோடு அலையும் முன்னோர்களுக்காக. அம்மாவின் வாய் மெதுவாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தது. அவர் குடும்பத்தில் எழுபதுகளில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. போகிறவர்கள் யாரும் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள், கட்டுரையில் விட்டுப்போனவை. நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். இது தெரியாமல் ஒரு நாள் சீட்டு வாங்கி, விடியற்காலை நாலரை மணியிலிருந்து இருட்டும் வரை ஓடி, எந்தப் படம் எந்தக் கோயில் என்றே நினைவில்லாமல் திரும்புகிறார்கள். அங்கோர் வாட் மேற்கு பார்த்தது, சூரிய உதயத்தில் கோபுரங்களின் நிழலுருவம்தான் தெரியும், சிற்பங்களில் வெளிச்சம் விழுவது மத்தியானத்துக்கு மேல்தான், அந்த நேரத்தில் கூட்டமும் குறைவு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். உச்சித் தளம் பௌத்தப் புனித நாட்களில் மூடியிருக்கும், எந்த நாள் என்று ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பொருள் விற்க வரும் சின்னப் பிள்ளைகளிடம் வாங்காதீர்கள், வாங்கினால் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது என்று அங்கே நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது.

நண்பர் இருக்கிறாரே, அவரே எல்லாம் சுற்றிக் காட்டட்டும் என்று அவர் தலையில் கட்டுவதும் தவறு. பூங்காவுக்குள் வழிகாட்டி வேலை பார்க்க உரிமம் வேண்டும், அதற்குப் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். வரலாறு விவரமாக வேண்டுமென்றால் ஒரு நாளாவது அவர்களில் ஒருவரைக் காசு கொடுத்து அமர்த்திக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் பிழைப்பு. நண்பர் வேலைக்குப் போகட்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விடட்டும், நீங்களும் கூடவே போங்கள், சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக் கொடுங்கள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதும் பெரியவர்களைக் கைகூப்பி வணங்குவதும் நமக்குப் பழக்கமானவையே, குழந்தைகளின் தலையைத் தொடக் கூடாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் யாரும் இல்லாதவர்கள் குடும்பத்தார் நடத்தும் சிறிய விடுதியில் தங்கி, தினமும் ஒரே ரெமோர்க் (மோட்டார் சைக்கிள் இழுக்கும் அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநரோடு போய்ப் பாருங்கள், இரண்டாவது நாளே பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னும் ஒன்று. தமிழை அங்கே தேடுகிறவர்கள் பாந்தே ஸ்ரே கோயிலுக்குக் கட்டாயம் போக வேண்டும். 967ல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில், கட்டியவர் அரசர்கூட இல்லை, யஞ்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். ஒரு முகப்பில் சிவன் ஆடுகிறார், காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். படையோ கொடியோ இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறார், கெமர் சிற்பி ஒருவர் தன் கையால் அவரைச் செதுக்கி வைத்திருக்கிறார். நண்பருக்கு அந்த அம்மையாரின் கதையைச் சொன்னேன், அவர் அதை அங்கேயே நின்று தன் மகளுக்குக் கெமர் மொழியில் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இரண்டு கோரிக்கைகள். அந்த வரிக்கான திருத்தத்தை அதே சுற்றுலாப் பக்கத்தில், படிக்கிறவர்கள் கண்ணில் படும் அளவுக்கு வெளியிடுங்கள். அப்புறம், வெளிநாட்டுத் தொன்மையான இடங்களைப் பற்றி எழுதும்போது அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது பேசி, அவர் சொல்வதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மகாபலிபுரத்தை வேறு யாரோ கட்டியது என்று ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை எழுதினால் நாம் எத்தனை கடிதம் எழுதுவோம்? கம்போடியர்கள் தமிழ் நாளிதழைப் படிக்கப் போவதில்லை, அதனால் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்