ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருக்கும் ஏழை விசாரணைக் கைதிகளை வெளியே கொண்டுவர நடவடிக்கை எடுக்கக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சின்னச் சின்ன வழக்குகளில் ரிமாண்ட் ஆகியிருக்கும் எங்கள் பகுதி ஆட்களின் குடும்பங்கள் சார்பாக இந்த மனுவைத் தருகிறேன். இவர்களுக்கு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனாலும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஆளுக்கொரு வீட்டு வரி ரசீது வேண்டும் என்கிறார்கள். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு ஏது வரி ரசீது? எங்கள் பகுதித் தாய் ஒருவரின் மகன் மேல் இருப்பது ஒரு செல்போன் திருட்டு வழக்கு. அவனுக்கு ஜாமீன் நிற்க அந்தத் தாய், தன் அண்ணனை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்லி அழைத்துப்போனார். ரசீது இறந்துபோன தகப்பனார் பெயரில் இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நீதிமன்ற வாசலில் நிற்கும் புரோக்கரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அவர் கேட்கும் பணத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர் இருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். உத்தரப் பிரதேசம், டெல்லி அளவுக்கு நம் மாநிலத்தில் நெரிசல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீதிபதியே வெளியே விடச் சொன்ன ஒருவர், ஒரு ரசீதுக்காக உள்ளே கிடப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

இதற்கென்றே மத்திய அரசு 2023-ல் ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் கொண்டுவந்தது. 2023-ல் வந்த விதிப்படி, விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் கொடுக்கலாம் என்று இருந்தது. ஊழல், போதைப்பொருள், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற வழக்குகளுக்குக் கிடையாது, சரி. மற்றவர்களுக்கு முடிவெடுக்கும் மாவட்டக் குழுவில் தாங்களும் சிறைக் கண்காணிப்பாளரும் இருக்கிறீர்கள்.

எனவே, ஜாமீன் கிடைத்து ஒரு வாரமாகியும் வெளியே வராதவர்களின் பட்டியலைச் சிறையிலிருந்து வாரந்தோறும் கேட்டு வாங்கி, இந்தக் குழுவைத் தவறாமல் கூட்ட வேண்டுகிறேன். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவருக்கு, நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என உச்ச நீதிமன்றம் 31.01.2023 அன்று வழிகாட்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களின் விவரத்தை சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் உடனே நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகவும் உத்தரவிட வேண்டும். ஜாமீனுக்காகக் கேட்கப்படும் சான்றுகளைக் கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் இழுத்தடிக்காமல் தரச் சொல்லுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சார்பாக