பிரிட்ஜைச் சீவாதீர்கள் என்றவருக்கு

1985க்கு முந்தைய மார்ட்டின் நிறுவனக் கிட்டார்களின் கழுத்துக்குள் திருகி நிமிர்த்தும் கம்பி கிடையாது. தந்தி கழுத்தை விட்டு உயர்ந்ததும், அதைத் தாழ்த்த பிரிட்ஜை (தந்திகள் உடலில் பிணையும் மரக்கட்டையை) சீவப் போனவர்களைத் தடுத்த, பெயர் சொல்ல விரும்பாத அந்தப் பழுதுபார்ப்பவருக்கு மனமார்ந்த நன்றி. என் கிட்டாரின் ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேல் நேர்ச்சட்டம் வைத்தார். முனை பிரிட்ஜின் மேல்விளிம்புக்குக் கீழே முட்டியது. கழுத்தின் கோணமே முன்சாய்ந்திருந்தது! 15ஆவது ஃபிரெட்டைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் வழியே, கழுத்து உடலோடு சேரும் மூட்டுக்குள் சிறு துளையிட்டு நீராவி செலுத்த, பழைய பசை இளகிக் கழுத்து தனியே வந்தது. அதன் அடிப்பகுதியில் கீழே சற்று அதிகமாக, மேலே போகப்போக ஒன்றுமில்லாமல் செதுக்கி, கழுத்து பின்சாயும்படி திரும்ப ஒட்டினார். பொறுமையான கை, ஐயா உங்களுடையது. சீவியிருந்தால் பிரிட்ஜ் மெலிந்து வெடித்திருக்கும், தந்தியின் அழுத்தம் குறைந்து நாதமும் மங்கியிருக்கும். நீங்கள் சொன்னபடியே இப்போது மிக மெல்லிய தந்தி 0.012 அங்குலமுள்ள தொகுதிதான். கிட்டாரை வைக்கும் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம்.