சீசன் கேட்ட மகளுக்கு

நாகப்பட்டினம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டதாம், வரும்போது வாங்கி வரச் சொன்னாள். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். இதைப் படம் எடுத்து அனுப்ப எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிடலாம் என்றாள் அம்மா. வேண்டாம், அவன் படித்துவிடுவான். நானே எடுத்து அனுப்புகிறேன். கலங்கலாக இருந்தால் சொல்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ அனுப்பியதை அம்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். "அப்பா, நாகைக்கு வர நல்ல சீசன் எதுப்பா?" அவ்வளவுதான். பதினாறு நாள் பேச்சு மூச்சு இல்லை, அப்புறம் இந்த ஒரு வரி. ஊட்டிக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. நீ பிறந்து, நெல்லுக்கடை மாரியம்மன் கோயிலில் காது குத்திய ஊருக்கு வரச் சீசன் கேட்கிறாய். கோபித்துக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் புயல் கூண்டு ஏற்றி இறக்கியவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய் என்று ஒரு பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தை பிறந்த பிறகு வா. பொங்கல் முடிந்து மாசி வரைக்கும் இருக்கிற நாட்கள்தான் இந்த ஊரில் சுகமான காலம். மழை விட்டிருக்கும். வாடைக்காற்று விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் உறைக்கும், எட்டு மணிக்கெல்லாம் வெயில் இதமாகிவிடும். சம்பா அறுவடை நடக்கும், சிக்கலைத் தாண்டினால் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். கோடியக்கரையில் பூநாரை வந்து நிற்கும், குட்டிக்குக் காட்டலாம். ஆகவே தைக்கு மேல் வா. தண்ணீரை மட்டும் மாற்றிக் குடிக்காதே, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், குட்டிக்கும்.

சித்திரை, வைகாசி வேண்டாம். கத்திரி வெயில் உனக்கு ஆகாது, அந்த ஊர் வெயிலில் இருந்து பழகியிருந்தாலும் ஆகாது. இங்கே வேர்வை காயாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வேறு. விசைப்படகு அத்தனையும் அக்கரைப்பேட்டையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். சின்னப் படகில் வருகிற மீன்தான், அதுவும் விலை சொல்கிற மாதிரி இருக்காது. ஒன்று சொல்ல வேண்டும், பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் மொட்டை மாடி வேறு உலகம். அதை நீ மறந்திருக்க மாட்டாய். பாய், தலையணை, ரேடியோ, உன் அண்ணனோடு சண்டை.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும் நம் கடைமடைக்கு அது நடந்து வந்து சேர வேண்டுமே. நீலாயதாட்சிக்கு ஆடிப்பூரம், அதற்காக மட்டும் வருவதென்றால் வரலாம். இப்போது ஆவணியில் ஊர் முழுக்கக் கூட்டம். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8 வரை ரோட்டில் பஸ் நகராது. காவி உடுத்திக்கொண்டு, சின்னச் சப்பரம் இழுத்துக்கொண்டு, எங்கெங்கிருந்தோ நடந்து வருகிறார்கள். நேற்றுகூட நம் திண்ணையில் ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனது. அந்தப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும். கைக்குழந்தையோடு தனியாகத்தான் வந்திருக்கிறாள், கூட வந்தவர்கள் வழியில் சேர்ந்தவர்களாம். அம்மா அவளுக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளே வந்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆயில்யத்தன்று அதிபத்த நாயனாருக்குத் தங்க மீன் விடுகிற விழா இருக்கிறது. நீ ஆறு வயதில் படகில் ஏறி வாந்தி எடுத்தது. நாகூர் கந்தூரி எந்தச் சீசனிலும் அடங்காது, பிறைக் கணக்கு, வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தம்ரூட் இனிப்பு எந்த மாதமும் கிடைக்கும்.

குட்டிக்கு ஜூலை, ஆகஸ்ட்தானே பெரிய லீவு. அது முடிந்து பள்ளி திறந்துவிட்டது. பிறகு எதற்கு இவள் மாதம் கேட்கிறாள் என்று அம்மா கேட்டாள். டிசம்பர் லீவாக இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று நீ எழுதவில்லை. எழுதாவிட்டால் பரவாயில்லை.

டிசம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகையின் கணக்கையும் பார்க்க வேண்டும். நமக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். வங்காள விரிகுடாவில் எது சுழன்றாலும் முதலில் நம் கொடிமரத்தைத்தான் பார்க்கும். 2023 அக்டோபரில் இங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை, வடகிழக்குப் பருவமழை என்று நிறுத்திவிட்டார்கள். மழை வாசலில் நிற்கும்போது புதுக் கப்பல் விடலாமா? என்னைக் கேட்டிருந்தால் தையில் விடுங்கள் என்றிருப்பேன். உனக்கும் அதேதான், தைக்கு மேல்.

2004 டிசம்பர் 26 பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, நல்ல சீசன். எந்தக் கூண்டும் ஏறவில்லை. உன் அம்மா இன்றைக்கும் அந்தத் தேதியில் மீன் வாங்குவதில்லை.

ஊரைப் பார்க்க வருகிறவர்கள் சீசன் கேட்பது நியாயம்தான். ஆனால் மாப்பிள்ளை ஒரு தடவை இலையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க ஊர்ல பார்க்க அப்படி என்ன மாமா இருக்கு, ஒரு மணி நேரத்துல சுத்திடலாமே" என்றார் பார், அது இன்னும் எனக்குள் கிடக்கிறது. சிரித்துவிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் இங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பொறித்த 21 செப்பு ஏடும் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. 1658-இல் டச்சுக்காரன் போர்ச்சுக்கீசியனிடமிருந்து ஊரைப் பிடித்தான், 1781-இல் வெள்ளைக்காரன் டச்சுக்காரனிடமிருந்து பிடித்தான். புத்த கோபுரம் என்று கடைசியாக நின்ற செங்கல் கட்டடத்தையும் 1867-இல் இடித்துவிட்டார்கள். இங்கே மண்ணில் கிடைத்த வெண்கலப் புத்தர்களைப் பார்க்க எழும்பூர் மியூசியத்துக்குப் போக வேண்டும். நாகூரில் 131 அடிப் பெரிய மனோரா, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப்சிங் கட்டியது, அது நிற்கிறது. மற்றபடி நம் ஊரில் இருப்பதைவிட இருந்தது அதிகம். அதைக் காட்ட ஆள் வேண்டும், ஒரு மணி நேரத்தில் காட்டவும் முடியாது. குட்டிக்கு நான் காட்டுகிறேன். நாலு நாளில் ஆகாது.

கூண்டு நினைவிருக்கிறதா? நாலாங் கிளாஸில் 1 முதல் 11 வரை ஒரு மூச்சில் ஒப்பிப்பாய். 1 என்றால் தூரத்தில் எங்கோ சின்னம், துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. 3 என்றால் இங்கேயே காற்று வரலாம். 10 பேராபத்து. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. அம்மா கோபமாக இருந்தால் துணிக்கொடியில் கீரைக்கூடையைக் கட்டிவிட்டு, நான் வேலையிலிருந்து வரும்போதே வாசலுக்கு ஓடி வந்து "அப்பா, 3" என்று ரகசியமாகச் சொல்வாய். இந்தப் பதினாறு நாளும் எங்கள் வீட்டில் 11-தான்.

போன மாதம் வீடியோவில் பேசினாயே, உன் பின்னால் தெரிந்தது வெள்ளைச் சுவர். உங்கள் வீட்டுச் சுவர் இளம்பச்சை. பெயிண்ட் அடித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று ராத்திரி படுத்தேன், தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து மேலே எழுதியதைப் படித்தேன். தைக்கு மேல், தைக்கு மேல் என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன்.

2018-இல் புரட்டாசிக் கடைசியில் நீ போன் செய்தாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், நான்தான் எடுத்தேன். "அப்பா, நானும் குட்டியும் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்றாய். குட்டிக்கு அப்போது மூன்று வயது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "மழைக்காலம் தொடங்கப் போகுதும்மா, தை பிறக்கட்டும்" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. சரிப்பா என்று வைத்துவிட்டாய். தை பிறந்தது, நீ மறுபடி கேட்டாய். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது சேர்ந்தே வாருங்களேன், வெயில் முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. வருஷத்துக்கு நாலு நாள் அவரோடு வந்து, சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனாய்.

மழை காரணமில்லை பாப்பா. மகள் மட்டும் வந்திருக்கிறாளே என்று தெருவில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். உன் அண்ணன் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நவம்பரில் கஜா வந்தது. 16-ஆம் தேதி விடிவதற்குள் நம் வீட்டுப் பின்கட்டு ஓடு முழுக்கப் பறந்து, முற்றத்து முருங்கை விழுந்து, ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. வேதாரண்யம் பக்கம் தென்னை எல்லாம் தலை இல்லாமல் நின்றது. நான் அந்தக் குப்பைக்கு நடுவில் நின்றுகொண்டு உன் அம்மாவிடம், "பார்த்தியா, பிள்ளையை வர வேண்டாம்னு சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பொய்க்குப் புயல் வந்து சாட்சி சொன்ன மாதிரி. அவளுக்கு நீ போன் செய்ததே அப்போதுதான் தெரியும். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது ஓடு போனதற்காக என்றே நான் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்கு வசதி.

எத்தனை ராத்திரி சிவப்பு விளக்கு, வெள்ளை விளக்கு ஏற்றியிருக்கிறேன். கடலில் இருக்கிறவனுக்கு நேரத்தோடு தெரிய வேண்டும் என்பதுதான் என் வேலை. உன் குரலை 1 என்று படித்துவிட்டேன். தூரத்தில் எங்கோ, இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று.

அதனால் மேலே எழுதியதில் தை என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடு. நானே அடித்திருப்பேன், காகிதம் அசிங்கமாகிவிடும். மழையில் வந்தாலும் வா. திருச்சியில் இறங்கினால் கார் வைத்துக்கொண்டு நான் வருகிறேன், மூன்றரை மணி நேரம்தான். எத்தனை டிக்கெட் என்று நான் கேட்கவில்லை, நேரத்தை மட்டும் அனுப்பு. திரும்பும் தேதியை எழுத வேண்டாம்.

மாடி அறையில் அடுக்கியிருந்த பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். கஜாவுக்குப் பிறகு மாற்றிய ஓட்டில் ஜன்னல் ஓரம் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். வராவிட்டாலும் கட்டிலை இந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம்.

குட்டி இப்போது அஞ்சாவதுதானே? நேற்று அம்மா அந்த முட்டியோடு நம் தெருக்கோடிப் பள்ளிக்கு நடந்து போய், வருஷத்துக்கு நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை. சேர்த்துக்கொள்வார்களாம். பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் மட்டும் வாங்கி வரச் சொன்னார்களாம்.

அன்புடன்,
அப்பா