செயலாளரின் ஆண்டறிக்கை: குட்டிகளின் வயிறு

தலைவர் அவர்களுக்கும், தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நல்லபடியாக நடந்தது. வந்து உதவிய கால்நடை மருத்துவருக்கு நன்றி. மற்ற விவரங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இந்த அறிக்கையில் பெரும்பகுதியை நான் நாய்க்குட்டிகளின் வயிற்றுக்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட சமயம். காங்கயம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் ஆறு குட்டிகளில் நான்கு செத்துவிட்டன என்று தகவல் வந்து ஓடினேன். மூன்று வாரக் குட்டிகள். மீதி இரண்டும் கட்டுத்தரை ஓரம் சாக்கில் சுருண்டு கிடந்தன. "நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க பால் குடிச்சுது. வயிறுகூட கும்முனு இருந்துச்சுங்க" என்று அந்த வீட்டுப் பாட்டி அழுதார். நெஞ்செலும்பு தெரிகிற குட்டிக்கு வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது பால் குடித்த வயிறு அல்ல, பூச்சி வயிறு. உதட்டை விலக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது. மலம் தார் மாதிரி கறுப்பு. மருத்துவர் பார்த்ததும் கொக்கிப்புழு என்றார். குடல் சுவரைக் கடித்து ரத்தம் உறிஞ்சும் புழு அது. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும். மலத்தில் முட்டை தெரியும் முன்பே உயிர் போகலாம். பெரிய நாயிடம் ரத்தம் எடுத்து ஏற்றியும் ஒன்றுதான் பிழைத்தது.

"மண்ணைத் தின்னுச்சு, அதான் பூச்சி" என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். மண்ணிலிருந்தும் வரும்தான். ஆனால் உருண்டைப் புழு என்ற இன்னொரு வகை, தாயின் தசையில் உறங்கிக் கிடந்து, சினைக் காலத்தில் விழித்து, வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாய்க்கு முன்பு கொடுத்த மாத்திரை அந்த உறங்கும் புழுவைத் தொடாது. அதனால் முதல் ஊசிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இரண்டாம் வாரத்தில் முதல் குடற்பூச்சி மருந்து, பிறகு நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில், அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் கூடவே. அளவு எடையைப் பொறுத்தது. கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம்.

பூச்சி மருந்து கொடுத்த பிறகும் சளியோடு கழிச்சல் நிற்கவில்லையென்றால், அது காக்சிடியா, ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகளாக இருக்கலாம். அவற்றுக்கு மருந்து வேறு. புது மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோயில் இந்த ஆண்டும் குட்டிகளை இழந்தோம். முதலில் தீனி வேண்டாமென்று ஒதுங்கும், வாந்தி எடுக்கும், பிறகு தாங்க முடியாத நாற்றத்தோடு ரத்தக் கழிச்சல். ஒரு ஊசி போட்டதோடு முடிந்தது என்று பலர் இருந்துவிட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அது எந்த வாரத்தில் குறையும் என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காகத்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போடச் சொல்கிறார்கள். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் இருக்கும். குட்டி செத்த இடத்துக்கு உடனே வேறு குட்டி கொண்டுவராதீர்கள்.

கழிச்சலுக்குப் பிறகு முக்கிக்கொண்டே இருந்து, வயிற்றைத் தடவினால் விரல் மாதிரி கட்டி தட்டுப்பட்டால், குடலுக்குள் குடல் சொருகியிருக்கலாம். அறுவைச் சிகிச்சை இல்லாமல் தீராது.

கடையில் கேட்டு மனிதர்களின் பேதி மாத்திரையை வாங்கிக் கொடுத்ததை இந்த ஆண்டு மூன்று வீடுகளில் பார்த்தேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாட்டுப்பாலும் கழிச்சலைக் கூட்டும். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு வாயில் எதையும் ஊற்றாமல் முதலில் துணி சுற்றிச் சூடேற்றுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, ரத்தம் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மறுநாள் சந்தை முடித்துப் போகலாம் என்று வைக்க வேண்டாம். அன்றே போங்கள். உள்ளூர் மருந்தகத்தில் முடியாதென்றால் நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

வாசலில் விளையாடும் பிள்ளைகளுக்காகவும் ஒன்று. உருண்டைப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் கண்ணைக்கூடப் பாதிக்கும். முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், மலத்தை அன்றன்றே அள்ளிக் காய்கறிப் பாத்தியிலிருந்து தள்ளி ஒரு குழியில் மூடினாலே போதும்.

பிழைத்த அந்த ஒற்றைக் குட்டி இப்போது பட்டியில் ஆடுகளோடு படுக்கிறது.

வரும் ஆண்டில் குட்டிகளை எடை போட ஒரு சிறு தராசு வாங்கவும், சினை நாய் உள்ள வீடுகளைக் குறித்துவைத்து இரண்டாம் வாரத்தில் நேரில் போகவும் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்குப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.