பாப்பாவுக்கு, திரைக்கதை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

திரைக்கதை வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். வசனம் உனக்கு நன்றாகக் கைவருகிறது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆபீஸ் காதல் காமெடி என்றால் 1960-இல் வந்த 'தி அபார்ட்மென்ட்' படத்தை மறுபடி பார். நோட்டோடு உட்கார்ந்து பார். உன் கதையில் மேனேஜர் கல்யாணமானவர் என்பதை ஒன்பதாம் பக்கத்தில் தோழி வாயால் சொல்ல வைத்திருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. அந்தப் படத்தை எழுதிய பில்லி வைல்டரும் டயமண்டும் அப்படி ஒரு ரகசியத்தை உடைக்க ஒரு பவுடர் டப்பாவிலேயே காரியத்தை முடித்துவிடுகிறார்கள். மேலதிகாரி தன் காதலியைச் சந்திக்க ஃபிளாட்டைக் கொடுக்கும் குமாஸ்தா பாக்ஸ்டர், அங்கே கிடந்த அவளுடைய டப்பாவை அவரிடம் திருப்பித் தருகிறான். உள்ளே கண்ணாடி உடைந்திருப்பதையும் சொல்லித்தான் தருகிறான். அப்புறம் கிறிஸ்துமஸ் பார்ட்டி. அவன் தன் புதுத் தொப்பியைப் பார்த்துக்கொள்ள லிஃப்ட் ஓட்டும் ஃப்ரான் தன் டப்பாவை நீட்டுகிறாள். அதே விரிசல், அதற்குள் அவன் முகம். மேலதிகாரியின் காதலி அவள்தான் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. முதல் தடவை விரிசலைப் பதிய வைத்ததால்தான் இரண்டாம் தடவை யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உன் கதையில் வரும் குடை ஒரே தடவை வந்து போய்விடுகிறது. மேனேஜரின் மோதிரம், கார் நிறம் எல்லாம் இவ்வளவு விவரமாக எதற்கு? கதைக்கு அவ்வளவு வேண்டாமே.

சின்ன ஃப்ளோரில் பெரிய ஆபீஸ் கேட்டிருந்தாய். அந்தப் படத்தின் கலை இயக்குநர் ட்ரௌனர் முன்வரிசையில் முழு அளவு மேசை போட்டார். பின்னால் போகப்போக மேசையும் சிறிது, ஆளும் குள்ளம். கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினால் குட்டு உடைந்துவிடும், ஜாக்கிரதை.

ஃப்ரான் தூக்க மாத்திரை விழுங்கும் இடத்தைக் கவனி. பக்கத்து வீட்டு டாக்டர் கன்னத்தில் அறைந்து, காபி ஊற்றி, அவளை நடக்க வைக்கிறார். அங்கே சிரிப்பே கிடையாது. டென்னிஸ் மட்டையில் ஸ்பகெட்டி வடிப்பதெல்லாம் அவள் பிழைத்த பிறகு. அந்த டாக்டரை ஆரம்பத்திலேயே மாடிப்படியில் காட்டிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அவர் வந்து காப்பாற்றுவது ஒட்டவைத்த மாதிரி இருந்திருக்கும். உன் கதாநாயகிக்குப் பக்கத்து வீடே இல்லை. ஒரு ஆளைப் போடு.

உன் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா போன் செய்தால் எடுக்க என்ன?

பொங்கலன்று ராத்திரி நீ கூப்பிட்டபோது குரல் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. "படம் ஓடிக்கிட்டிருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். என்ன படம் என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

ஒன்பதாம் பக்கத்தை மெதுவாகத் திருத்திக்கொள். பக்கத்து வீட்டில் யார் என்று முதலில் எழுது.

அப்பா