ஊதா மூடி டியூபிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத் துறை வேலைகளை ஆன்லைன் வகுப்புகள் மூலம் அறிமுகப்படுத்துவது நல்ல முயற்சி. ஆனால் எங்கள் பார்வைக்கு வந்த பாடத்திட்டங்கள் பலவற்றில் படிப்பின் பெயர், எத்தனை ஆண்டு, என்ன தகுதி என்ற அட்டவணைதான் இருக்கிறது. அதற்கு ஒரு துண்டுத்தாள் போதும். அந்த வேலையில் இருப்பவர் நாள் முழுக்கக் கையால் என்ன செய்கிறார், எந்த இடத்தில் பிசகும், பிசகினால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பதுதான் மாணவருக்குத் தெரிய வேண்டும்.

ரத்த மாதிரி எடுக்கும் வேலையைப் பாருங்கள். ரத்தக் குழாயைத் தேடி ஊசி போடத் தெரிந்தால் போதும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். டியூபின் மூடி நிறத்தைக் காட்டிப் பாடத்தைத் தொடங்கினால் அந்த நினைப்பு மாறும். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் தேவைப்பட்டால், முதலில் நிரப்புவது அதை. அடுத்து நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஏன் இந்த வரிசை? ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ என்ற ரசாயனம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. அதை முதலில் நிரப்பிவிட்டு சிவப்புக்குப் போகும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ஆள் நன்றாக இருப்பார். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு கெடும் என்பதால் காகிதத்தில் அவர் இதயம் ஆபத்தில் இருக்கும். நீல டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு 9 பங்கு ரத்தம் என்பது கணக்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். நிரப்பிய டியூபைக் குலுக்கவும் கூடாது. ஊதா என்றால் 8 முதல் 10 முறை, நீலம் என்றால் 3, 4 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் சிவப்பணு உடைந்து அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். மறுபடியும் பொய் ரிப்போர்ட். மார்க்குக்காக மனப்பாடம் செய்த அயனிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரியும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாரம் ஒரு வேலை, அந்த வேலையில் ஒரே ஒரு காரியம் என்று வைத்துக்கொண்டால் போதும். எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் என்று ஆறேழு வாரம் சரியாக இருக்கும். அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவை மட்டும் விட்டுவிட வேண்டாம். யார் கண்ணிலும் படாத வேலை அது. அழுத்தமான நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் என்றால் 15 நிமிடம், 134 டிகிரி என்றால் 3 நிமிடம். உள்ளே இருக்கும் கருவி அந்தச் சூட்டை எட்டிய பிறகுதான் இந்தக் கணக்கே தொடங்கும். பொட்டலங்களை நெருக்கித் திணித்தால் நடுவில் காற்று தங்கி நீராவி நுழையாது. சூடு பட்டால் நிறம் மாறும் என்று வெளியே ஒட்டிய டேப்பில் கோடு கறுத்திருக்கும், உள்ளே கிருமி அப்படியே இருக்கும்.

வீடியோ 8 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பேசுபவர் முகத்தைவிட வேலை செய்பவரின் கைதான் திரையில் தெரிய வேண்டும். குறைந்த டேட்டாவில் இறங்கும்படி சிறிய கோப்பாகவும் ஒன்று கொடுங்கள். உண்மையான நோயாளியைப் படம்பிடிக்காமல் தன்னார்வலரை உட்கார வைக்கலாம். அப்போதும் பின்னால் இருக்கும் மானிட்டரில் யார் பெயராவது, படுக்கை எண்ணாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இது அடிக்கடி நழுவும் இடம்.

தேர்வில் விளக்கம் எழுதச் சொல்வதைவிட ஒரு படத்தைக் காட்டி, "இதில் என்ன தவறு?" என்று கேட்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் படம் ஒன்று போதும்: கால்மேல் கால், தொங்கும் கை, சட்டைக்கு மேல் சுற்றிய பட்டை. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் அளவு கூடித்தான் காட்டும். 5 நிமிடம் ஓய்வாக உட்கார வைத்தார்களா என்பது படத்தில் தெரியாது. அதைக் கேட்கும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

திரையில் வராதவையும் உண்டு. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. குறையாமல் 6 செ.மீ. தாண்டாமல் அழுத்த வேண்டும் என்பதை வீடியோ பார்த்து ஒப்பிக்கலாம். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும், இரண்டே நிமிடத்தில் கை எப்படித் தளரும் என்பது பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாளாவது நேரில் வரவழைத்தே ஆக வேண்டும். வார்டின் வாடை, இரவு ஷிப்ட், மணிக்கணக்கில் நிற்பது பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்து முதல் முறை தலைசுற்றினால் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம், பலருக்குப் பழகிவிடும். ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி முன்பே போடாதவர்களுக்கு வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று தவணை. சேர்ந்த பிறகு யோசித்தால் நேரம் போதாது என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லலாம்.

கடைசியாகச் சான்றிதழ். இது அறிமுக வகுப்பில் கலந்துகொண்டதற்கு மட்டுமே, நோயாளிக்குச் சிகிச்சையோ பரிசோதனையோ செய்ய அனுமதி அல்ல என்ற வரியை அதன் முகப்பிலேயே, பெயருக்கு இணையான எழுத்தளவில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பயிற்றுநர்கள்